பசை போட்ட கூடாரம்

பிளம்பர் வீட்டுக் கூடத்தில் பல மாதமாக ஒரு துடுப்புப் படகு படுத்திருந்தது. பழைய ஒட்டுப்பலகையில் அவரே செய்தது. சோபா அதற்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒண்டிக்கொண்டது. மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வரும் அவர் மனைவி, படகின் விளிம்பில் உட்கார்ந்துதான் டீ குடிப்பாள்.

மனிதருக்கு ஒரே ஆசை. ஆற்றோடு போய், காட்டுக் கரையில் இருவரும் தங்கிவிட்டு வர வேண்டும். அதற்காகப் பெயின்ட் டப்பாவில் அடுப்பு செய்தார். லாரி டியூபை வெட்டி, தண்ணீர் புகாத பை ஒட்டினார். மனைவி ஒரு நிபந்தனை போட்டாள்.

“ஒரே ஒரு ராத்திரி வரேன். என் மேல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் படகை வித்துடணும். சரியா?”

“சரி,” என்றார். வேறென்ன சொல்வார்?

கூடாரத்துக்குத் தன் தொழிலையே நம்பினார். பிளாஸ்டிக் குழாய்களை அளந்து அறுத்து, கூடத்தில் படகுக்கு மேலேயே சட்டம் பூட்டிப் பார்த்தார். துளி ஆட்டமில்லை. மறுநாள் காலை மனைவியின் தம்பி வண்டியோடு வந்தான். படகை இழுத்து வெளியே வைத்துவிட்டு, இருவரும் சட்டத்தைக் கழற்றப் போனார்கள். மூட்டுகள் உடும்புப் பிடியாக இருந்தன.

“மாமா, பசை போட்டீங்களா?”

போட்டிருந்தார். தொழில் பழக்கத்தில் கை தானாகவே ஒவ்வொரு மூட்டிலும் தடவியிருக்கிறது. சட்டமோ கதவைவிட அகலம்.

“சொட்டு ஒழுகாது மாமா. என்ன, வீட்டை விட்டு வராது, அவ்வளவுதான்.”

அக்காளும் தம்பியும் சிரித்த சிரிப்பில் பிளம்பருக்குக் காது சிவந்தது. படகு கைவிட்டுப் போனதாகவே நினைத்துக்கொண்டார்.

ஆனாலும் கிளம்பினார்கள், வெறும் தார்ப்பாயும் கயிறுமாக. தம்பி ஆற்றங்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பினான். சாயங்காலம் ஒரு வளைவில் ஒதுங்கும்போதே வானம் கறுத்துவிட்டது. அவர் மரத்துக்கு மரம் கயிறு கட்ட, காற்று அதைவிட வேகமாக அவிழ்த்தது.

“கயிறை விடுங்க. படகைச் சாய்ச்சுப் போடுங்க,” என்றாள் மனைவி.

படகை ஒருக்களித்து, துடுப்புகளை முட்டுக்கொடுத்து, மேலே தார்ப்பாயைப் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைத்தார்கள். உள்ளே அவளைப் படுக்கவைத்துவிட்டு, திறந்த பக்கத்தில் பிளம்பர் அடைப்பாகப் படுத்துக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டது.

காலையில் அவரைப் பிழிந்து காயப்போடலாம் போலிருந்தது. அது கணக்கில் இல்லை. மனைவி வெளியே வந்ததும் அவர் கண் அவள் மேல் ஓடியது. சுவருக்குள் ஒழுகும் குழாயை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கிற கண். தோளிலிருந்து முழங்கை வரை அவள் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. படகின் விளிம்பில் தார்ப்பாய் மடிந்த இடத்தில் இறங்கிய தண்ணீர். வந்த வழி உட்பட அவருக்குத் தெரிந்துவிட்டது.

“தோள்ல என்ன ஈரம்?” என்றார். வாக்குக் கொடுத்தாயிற்று, கேட்டுத்தானே ஆக வேண்டும்.

“வேர்வை.”

வாயைத் திறந்தால் புகை வரும் குளிர் அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அவள் பாட்டுக்குத் தலையை உதறி முடிந்துகொண்டிருந்தாள். அவர் அடுப்பைப் பற்றவைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

“ஏங்க,” என்றாள் பின்னாலிருந்து. “வீட்டுக்குப் போனதும் மொதல்ல அந்தக் கூண்டை அறுத்து வெளிய போடுங்க. படகு வைக்க இடம் வேணும்ல.”