குழுவில் இல்லாத அக்கா

மாலை வகுப்பில் லினக்ஸ் இயங்குதளத்தின் பயனர் குழுக்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த வாரமே வீட்டுக் கணினியில் அதைச் செய்து பார்த்தேன். இணைய இணைப்பை மாற்றும் உரிமையை ஒரு குழுவுக்கு மட்டும் கொடுத்தேன். குழுவில் நான் ஒருவன்தான். காரணம் அக்காவின் கணவர், அத்தான். கண்ட இணைப்பையெல்லாம் சேர்த்துவிட்டு, "நெட் வரல மச்சான்" என்று என்னைத்தான் கூப்பிடுவார். அக்காவை நான் நினைக்கவில்லை.

இன்று ஆறு மணிக்கு அக்காவுக்குக் காணொளியில் வேலை நேர்காணல். குழந்தை பிறந்த பிறகு வந்த முதல் அழைப்பு. அதற்குச் சற்று முன்பு வீட்டு இணைப்பு போய்விட்டது. கைப்பேசி இணைப்புக்கு மாற்றப் பார்த்தாள்.

"டேய், இங்க வா. எனக்கு அனுமதி இல்லைங்குது. என் மாமியார்கூட என்கிட்ட இப்படிச் சொன்னதில்ல."

"ஒரு நிமிஷம்க்கா, உன்னையும் குழுவுல சேர்த்துடறேன்."

"பொறந்ததுலருந்து இந்தக் குடும்பத்துலதானே இருக்கேன்? இதுல குழு வேறயா?"

என் கணக்கில் நுழைந்து கட்டளையை அடித்தேன். அவள் கணக்கின் பெயரைச் சரிபார்த்தேன், குழுவின் பெயரையும் சரிபார்த்தேன். வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் புதுக் குழு செல்லுபடியாகும் என்பதையும் சொன்னேன். அப்படியே செய்தாள். இணைப்பு கிடைத்தது. ஆனால் கேமரா திறக்கவில்லை, ஒலியும் இல்லை.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

இருக்கிற குழுக்களோடு சேர்த்துக்கொள் என்னும் குறிப்பைக் கட்டளையில் போட மறந்திருந்தேன். அது இல்லாவிட்டால் பழைய குழுக்கள் எல்லாம் போய்ப் புதியது மட்டும் மிஞ்சும். கேமராவையும் ஒலியையும் அவளுக்குத் திறந்துவிட்ட குழுக்கள் அப்படித்தான் போயின. வகுப்பில் ஆசிரியர் இதைச் சொன்னபோது பலமாகத் தலையாட்டியவன் நான்.

அத்தான் குழந்தையைத் தோளில் போட்டபடி எட்டிப் பார்த்தார்.

"மச்சான், இப்ப நெட் வருது. உங்க அக்காதான் வரல."

"நீங்க சும்மா இருங்க!" என்றாள் அக்கா.

போன குழுக்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தேன். அவள் மறுபடி வெளியேறி மறுபடி நுழைய வேண்டியிருந்தது. அதற்குள் ஆறு மணி தாண்டிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதவைச் சாத்திவிட்டு நாங்கள் வெளியே நின்றோம். பேச்சு எதுவும் பிடிபடவில்லை. ஒரு முறை சிரிப்புச் சத்தம் கேட்டது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தாள்.

"முதல் கேள்வியே ஏன் லேட்டுன்னுதான்."

"என்னக்கா சொன்ன?"

"வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே என் தம்பி என்னைத் தூக்கிட்டான்னு சொன்னேன். சிரிச்சாங்க. அடுத்த சுற்று வியாழக்கிழமையாம்."

அத்தான் குழந்தையின் கைகளைப் பிடித்துத் தட்ட வைத்தார். அக்கா என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"வியாழக்கிழமைக்குள்ள உனக்கு இருக்கிற அனுமதியெல்லாம் எனக்கும் வேணும். இப்பவே குடு."

கட்டளையை அடித்தேன். நான் விசையைத் தட்டுமுன் என் கையைப் பிடித்தாள்.

"சேர்க்கறியா, மாத்தறியா?"

"சேர்க்கறேன்க்கா."

"எங்க இருக்கு, காட்டு."

கட்டளையில் அந்தக் குறிப்பைக் காட்டினேன். அதன் பிறகுதான் கையை விட்டாள்.