உயரம் பூஜ்யமான தெரு

ரயில் பணிமனைக்குப் பின்னாலிருந்த தெருவில் அறுபத்துமூன்று வீடுகளின் கூரையும் எட்டு வருஷமாக இறங்கிக்கொண்டே வந்து, அந்த வருஷம் மழை தொடங்கும்போது ஆள் இடுப்பளவில் நின்றது. காரணம் எல்லோருக்கும் தெரியும், ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. நகராட்சி தன் காகித வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது ஊரின் கட்டடங்களையெல்லாம் ஒரே லேயராக, அதாவது ஒரே அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கதவு எண், சுவர், உயரம் என்று ஓர் அட்டவணை வைத்தார்கள். அந்தத் தெருவுக்கு வரும்போது டைப் அடித்த புண்ணியவானுக்குப் பசி வந்துவிட்டது. உயரம் என்ற பத்தியைக் காலியாக விட்டுவிட்டு எழுந்து போனார். காலியை மென்பொருள் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. வரைபடமே பூஜ்யம் என்றால் வீடு என்ன செய்யும், பாவம்? மாதத்துக்கு ஒரு விரல்கடை இறங்கியது. ஜனங்கள் முதலில் மின்விசிறியைக் கழற்றினார்கள், பிறகு கட்டில் காலை அறுத்தார்கள், பிறகு கட்டிலையே விற்றார்கள். மனு கொடுக்கப் போனவர்களிடம், “எங்க ரெக்கார்டுப்படி உங்க வீட்டுக்கு உயரமே இல்ல, இப்ப இருக்கறதே அதிகம்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

வரைபடப் பிரிவில் ஒப்பந்த வேலை பார்த்தவளை அலுவலகமே லேயரம்மா என்றுதான் கூப்பிடும். அவளுடைய அக்கா, தையற்காரி, அந்தத் தெருவில் பதினேழாம் எண் வீட்டில் தனியாக இருந்தாள். மெஷினில் உட்கார முடியாமல் போனபோது கையால் தைத்தாள், உட்காரவே முடியாமல் போனபோது ஒருக்களித்துப் படுத்துத் தைத்தாள். கடைசி வருஷம் கூரை வேகம் பிடித்துவிட்டது. மழைக்காலம் முடிவதற்குள் தரையைத் தொட்டுவிடும் என்று லேயரம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஓடிப்போய், தவழ்ந்து உள்ளே நுழைந்து, தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். “போடி இவளே! ஊசி ஊசியாக் குத்திச் சேர்த்துக் கட்டின வீடு. அது படுத்தா நானும் கூடவே படுத்துக்கறேன்” என்றாள் அக்கா. பிடிவாதத்தில் அவளை அசைக்க ஆள் பிறக்கவில்லை.

சரியான உயரத்தை அடித்துவிட்டால் தீர்ந்தது என்றுதானே யாருக்கும் தோன்றும்? லேயரம்மா அதையும் செய்து பார்த்தாள். ஒவ்வொரு வீடாக அடித்து மூன்றாவது வீட்டுக்கு வருவதற்குள் முதல் வீட்டில் பூஜ்யம் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும், தலைமை சர்வரின் கைங்கரியம். அறுபத்துமூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால்தான் அது ஏமாறும். அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும்: கதவு எண்ணைப் பார், பட்டியலில் அதன் உயரத்தை எடு, பத்தியில் போடு, அடுத்த வீட்டுக்குப் போ. அவளுக்கு ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, கை இருக்கிறதே என்று மூன்று வாரம் மதியச் சாப்பாட்டைத் துறந்து, நூற்றுப் பத்து தடவை கம்ப்யூட்டரிடம் சிவப்பு எழுத்தில் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டாள். உயரங்களை அந்தத் தெருவைக் கட்டிய கொத்தனாரிடம் கேட்டு வாங்கினாள். மனுஷன் பழைய நோட்டைப் புரட்டிப் பத்து, பத்தரை, பதினொன்று என்று வெறும் எண்களாகச் சொன்னார். அவர் பிறந்ததிலிருந்து அடியைத் தவிர வேறு அளவு அறியாதவர். இவளோ வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மீட்டரைத் தவிர வேறொன்றில் யோசிக்காதவள். அளவு என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

புதன்கிழமை பகல் பன்னிரண்டு இருபதுக்கு ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டாள். நான்கு விநாடிதான். தெருவில் அறுபத்துமூன்று கூரைகளும் பால் பொங்குவதுபோல மேலே போயின. பழைய உயரத்தைத் தாண்டியும் போயின, மாமரத்தைத் தாண்டியும் போயின, மூன்று மாடி அளவுக்குப் போய் நின்றன. உள்ளே என்னவோ அதே ஒற்றை அறைதான். குனிந்து குனிந்து கூன் விழுந்த ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து, முதுகெலும்பு படபடவென்று நெட்டி முறிய, நிமிர்ந்து நின்று ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் அழாதவர் இல்லை, அழுதவரில் சிரிக்காதவரும் இல்லை.

வரைபடப் பிரிவின் மேற்பார்வையாளர் திரையில் புது எண்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “ஏம்மா, ஒரு தையக்காரி வீடு பத்தரை மீட்டரா? நாளைக்கே ஆளுங்க அளக்கப் போறாங்க. தப்பா இருந்துச்சுன்னா பழையபடி பூஜ்யம், உனக்கும் வேலை கிடையாது.” அடியை மீட்டர் என்று போட்டுவிட்டோம் என்பது லேயரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலை அளவுக்காரர்கள் லேசர் கருவியோடு வந்து வீடு வீடாக அளந்தார்கள். பத்து. பத்தரை. பதினொன்று. வரைபடமும் தரையும் புள்ளி பிசகாமல் ஒத்துப்போயின. ஒத்துப்போனால் திருத்தக்கூடாது என்பது விதி. எப்படி ஒத்துப்போனது என்று கேட்பதற்குப் படிவத்தில் இடமில்லை. மேற்பார்வையாளர் இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் லேயரம்மா பதினேழாம் எண் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டாள். அக்கா கையில் ஊசியோடு நடந்து வந்தாள், நேராக நடந்து வந்தாள். தங்கை அவள் முகத்தைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அக்கா குனிந்தே இருந்த வருஷங்களில், இருவரில் தான்தான் உயரம் என்று தங்கை நினைக்கப் பழகியிருந்தாள்.