வெள்ளைத் திரைக்கு ஒரு வசனம்

வசனக்காரிக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தாள்கள் பறந்திருக்கும். ஆனால் அவை அவளே கண்விழித்து எழுதியவை. அதனால் அவற்றை மேசையில் வைத்துவிட்டுத்தான் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“கனவா? என்னண்ணா சொல்ற?”

“கனவுதான். கடைசியில திரை வெள்ளையாகுதில்ல, அங்க ஒரு குரல் மட்டும் வரணும். அந்தப் பையனோட அப்பா குரல். ‘எழுந்திருடா, எல்லாம் கனவு.’ அவ்வளவுதான். பாக்கறவங்க நிம்மதியா தூங்கப் போவாங்க.”

அண்ணன் அந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு முதலாளி. வெளிநாட்டு அனிமே தொடர்களை வாங்கித் தமிழில் பேசவைப்பது தொழில். படத்தை எங்கோ வரைகிறார்கள். அந்த வாய்களுக்குள் தமிழைத் திணிப்பது இங்கே, ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில், சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டிய இரண்டு அறைகளில். வசனம் எழுதுவது தங்கை. ஒலிப்பதிவு செய்பவரை எல்லாரும் ‘காது’ என்றே கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். காவலாளி, கண்டக்டர், கூட்டத்தில் இருமுகிறவன் போன்ற சில்லறைக் குரல்களுக்கு ஆள் எதற்கு என்று அண்ணனே பேசிவிடுவான்.

இப்போது கைவசம் இருந்த தொடரின் பெயர் ‘உலகம் முடியறதுக்குள்ள சொல்லிடு.’ பள்ளிக்கூடப் பையன் ஒருவனுக்குப் பக்கத்து இருக்கைப் பெண்மேல் காதல். சொல்லப்போகும்போதெல்லாம் ஏதாவது வந்து தொலைக்கும். ஒருநாள் விக்கல். இன்னொருநாள் மழையில் அவளுடைய அதே நிறக் குடையைப் பார்த்து ஏமாந்து கணக்கு வாத்தியாரிடம் சொல்லிவிடுகிறான். யோசித்துச் சொல்வதாக அவரும் பதில் சொல்கிறார். இந்தக் கூத்துக்கெல்லாம் பின்னால் வானத்தில் ஒரு விரிசல். முதலில் யாரும் கண்டுகொள்வதில்லை. போகப்போக அது அகலமாகிறது, பறவைகள் வருவதில்லை, வகுப்பில் பெஞ்சு பெஞ்சாகக் காலியாகிறது. கடைசி அத்தியாயத்தில் பள்ளி மொட்டைமாடியில் இருவர் மட்டும் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் ஒருவழியாகச் சொல்லிவிடுகிறான். “இதுக்கா இத்தனை நாள், மண்டு?” என்கிறாள் அவள். வானம் வெளுக்கிறது, திரை வெள்ளையாகிறது. அதற்குமேல் ஒரு சத்தமும் கிடையாது. அந்த இடத்தை முதல்முறை பார்த்த அன்று வசனக்காரியால் வேறு வேலை எதுவும் பார்க்க முடியவில்லை.

“திணறித் திணறி அவன் சொன்னதைச் சொல்லவே இல்லன்னு ஆக்கச் சொல்றியா? முழிச்சு எழுந்து மறுபடியும் முதல்லேர்ந்து விக்கி விக்கி நிக்கணுமா அவன்?”

“விக்கட்டுமே. உயிரோட விக்கறான்ல?”

“நான் எழுத மாட்டேன்.”

“அடேயப்பா. முதுகு தெரிஞ்ச எடத்துலல்லாம் சொந்தச் சரக்க வெச்சது யாரு? அப்ப எங்க போச்சு இந்த ரோஷம்?”

அது உண்மைதான். வாய் அசைவது தெரிந்தால் எழுதுகிறவருக்குக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி. உதடு மூடும் இடத்தில் வார்த்தையும் மூட வேண்டும். ஆள் திரும்பி நின்றுவிட்டாலோ எதை வேண்டுமானாலும் பேசவைக்கலாம், கேட்பாரில்லை. தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதியபடி “சரின்னு சொல்லிடலாமா?” என்று முணுமுணுப்பது முழுக்க அவள் கைச்சரக்கு. மூலத்தில் அந்த மனிதர் பாவம், பேசாமல்தான் எழுதுகிறார்.

“அது சிரிக்க வெக்க. இது ஏமாத்து.”

“ஒருத்தர் அழாம இருக்கறதுக்கு ஒரு வார்த்தை சொன்னா அது ஏமாத்தா? அதுல என்ன குடி முழுகிப்போச்சு?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடி முழுகித்தான் போயிருந்தது, அதுவும் போன வருடமே.

அப்பாவுக்கு இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன உடனேயே அண்ணன் சொந்தக்காரர்களை எல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட்டிவைத்துப் பாடம் நடத்தினான். யாரும் மூச்சுவிடக் கூடாது. கேட்டால் வாயுத் தொல்லை. பெரியப்பா வாயுத் தொல்லை என்றார். சின்ன மாமா வாயுத் தொல்லை என்றார். பழம் வாங்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கூடப் பிசகாமல் அதையே ஒப்பித்துவிட்டுப் போனார். ஒரு மனிதர் சாகப்போவது அவரைத் தவிர ஊருக்கே தெரிந்திருந்தது. இது என்ன நியாயம் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெரியவன் சொல்கிறான், அவனுக்குத் தெரியாதா என்று தங்கையும் அடங்கிப்போனாள்.

“நீ எழுத வேண்டாம் போ. ரெண்டு வார்த்தைதானே, நானே பேசிக்கறேன்” என்று அண்ணன் குரல் கொடுப்பவர்கள் நிற்கும் கண்ணாடி பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டைவிரலை உயர்த்தினான். காது ஒருமுறை வசனக்காரியைப் பார்த்தார். சம்பளம் கொடுப்பவர் அண்ணன். பதிவை ஓடவிட்டார்.

மொட்டைமாடி வந்தது. பையன் சொன்னான், பெண் திட்டினாள், திரை வெள்ளையானது. அண்ணன் மைக்கை நெருங்கினான்.

“ஒண்ணும் இல்ல… ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியாயிடுச்சு. நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்.”

கனவு என்ற வார்த்தையே அதில் இல்லை. காவலாளிக்கும் கண்டக்டருக்கும் கரகரவென்று பேசுகிற தொண்டையிலிருந்து அப்படி ஒரு மெத்தென்ற குரல் வந்தது. என்ன பேசினோம் என்பதே தெரியாமல், “ஓகேவா?” என்று கேட்டான்.

வசனக்காரி கை நீட்டி, பூத்துக்குள் பேசுகிற பொத்தானை அழுத்தினாள்.

“இது யாருக்கு எழுதின வசனம்ணா?”

“என்ன?”

“இதே வார்த்தை, இதே குரல். அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னு கண்ணைத் துடைச்சிட்டிருந்தேன். அப்பா என்னைத்தான் கேட்டார். ‘நீ சொல்லும்மா, நான் போகப்போறேனா? அப்படின்னா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்’னார். நான் திரும்பறதுக்குள்ள நீ பதில் சொல்லிட்ட.”

அண்ணனுக்கு முகம் மாறியது. “அவர் நிம்மதியா இருக்கட்டும்னுதானே…”

“நீ மருந்து வாங்கப் போயிட்ட. போனப்புறம் அப்பா சிரிச்சார். ‘அப்ப சரி, வீட்டுக்கு வந்தே சொல்றேன்’னார்.”

அப்பா வீட்டுக்கு வந்தார்தான். சொல்கிற நிலையில் வரவில்லை.

அண்ணன் மெதுவாக ஹெட்போனில் ஒரு பக்கத்தைத் தள்ளினான். பிறகு, அவள் பேசுவது கேட்க வேண்டுமே என்று திரும்ப மாட்டிக்கொண்டான்.

“இத ஏன் நீ சொல்லவே இல்ல?” என்றான். கொஞ்சம் பொறுத்து, “என்ன சொல்ல நெனச்சிருப்பார்?” என்று கேட்டான்.

அவன் குரல் உடைந்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அவளுக்கு இரக்கம் வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை.

“என்னைக் கேட்டா? எல்லார் வாய்க்கும் நீதானே வசனம் வெக்கிற. அப்பா வாய்க்கும் ஒண்ணு வெச்சுடு. அவர் உதடு இனிமே அசையப்போறதில்ல. எதை வெச்சாலும் பொருந்தும்.”

அண்ணன் மைக்கின் முன்னாலேயே நின்றான். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

காதுதான் கடைசியில் கேட்டார். “சார், பேசினதை வெச்சுக்கவா?”

அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

காது அதை அழித்துவிட்டு, வெள்ளைத் திரையை இருந்தபடியே விட்டார். வசனக்காரி தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கோபம் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை.