தடுத்தவர் பெயர்

தேய்த்த வெள்ளைச் சட்டையோடு கணவர் பூன்மி தெருமுனையில் திரும்பியதுமே ஓரதை விசில் ஊதுவதை நிறுத்தினாள். பாங்காக்கின் அந்த வாக்குச்சாவடி வாசலில் நாற்பது பேர் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் அவள். அரசரின் நிறமான மஞ்சளில் சட்டை, கழுத்தில் விசில். அரசரை மதிக்காத சிவப்புக் கட்சி மறுபடி ஆட்சிக்கு வரக்கூடாது, அதற்குத் தேர்தலே நடக்கக்கூடாது என்பது இயக்கத்தின் முடிவு. அவளும் மனதார நம்பினாள். வீட்டில் அரசர் படத்தைத் தினமும் துடைப்பது என்னவோ பூன்மிதான். ஆனால் நாட்டின் வடகிழக்கில் பிறந்த மனிதர். தன் ஊருக்கு ஆஸ்பத்திரி கொண்டுவந்த சிவப்புக்குத்தான் அவர் ஓட்டு. இன்று காலை அவளுக்குச் சோறும் மிளகாய்த் துவையலும் கட்டிக்கொடுத்து அனுப்பியதும் அவர்தான்.

விசில்கள் காதைப் பிளந்தன.

"ஏய், சிவப்பு எருமை வருது பாரு! ஒரு கட்டுப் புல்லு காட்டுனா போதும், ஓடிவந்து ஓட்டுப் போடும்!" என்றாள் பக்கத்திலிருந்த மாலி. இந்தக் கேலிக்கு மூன்று மாதமாக ஓரதையும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

"அது என் வீட்டுக்காரருடி."



பூன்மி சண்டை போடவில்லை. "விட மாட்டீங்கள்ல? சரி, இருங்க," என்று போலீஸ் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். அந்த நாட்டில் ஓட்டுப் போடாவிட்டால் சில உரிமைகள் போய்விடும்; தடுக்கப்பட்டதாகப் புகார் எழுதிக் கொடுத்தால் போகாது என்று தேர்தல் அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். வலிக்கும் முழங்காலோடு அவர் வெயிலில் நொண்டிப் போவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து பின்னாலேயே ஓடினாள்.

போலீஸ்காரர் படிவத்தை நீட்டினார். பூன்மி சட்டைப்பையைத் தடவினார்.

"கண்ணாடிய மறந்துட்டேன். நீயே எழுதிடு."

"நானா? நல்லா இருக்குங்க நியாயம்!"

"முப்பது வருஷமா நீதானே எழுதுறே."

எழுதினாள். புகார் தருபவர் பெயர், வீட்டு எண், தெரு. அடுத்த கட்டத்தில், தடுத்தவர் பெயர், முகவரி. பேனா நின்றது.

அவருக்குப் புரிந்துவிட்டது. "யாருன்னு தெரியலன்னு போடு," என்றார் மெதுவாக.

 செய்தது சரி என்றுதான் அவள் இப்போதும் நினைத்தாள். சரியென்றால் ஒளிப்பானேன்? தன் பெயரை எழுதினாள். முகவரிக்கு அதே வீட்டு எண், அதே தெரு.

"எங்க போடணும்மா கையெழுத்து?" என்றார் பூன்மி.

அவள் அவர் கையைப் பிடித்து, பேனா முனையைத் தன் பெயருக்குக் கீழே இருந்த கோட்டில் வைத்தாள்.