மயிலையும் காரியும் கற்ற இங்கிலீஷ்

சின்னுசாமியின் மாடுகளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற சேதி புதுச்சத்திரத்தில் கிளம்பி எடப்பாடிக்குப் போய்ச் சேர ஒரே ஒரு சந்தைநாள் போதுமானதாக இருந்தது. போகிற வழியில் சேதி கொஞ்சம் தீனி தின்று வளர்ந்தும் விட்டது. எடப்பாடிக்காரர்கள் காதில் விழுந்தபோது, அந்த மாடுகள் கலெக்டருக்குச் சொந்தமாக மனு எழுதிக்கொண்டிருந்தன.

உண்மை அதைவிடச் சின்னது. மயிலை, காரி என்ற அந்த இரண்டு மாடுகளுக்கும் தெரிந்தது ஒரே ஒரு சொல். ஆனால் அந்தச் சொல்லுக்கு இருந்த சக்தியைச் சின்னுசாமி கண்ணாலேயே பார்த்திருந்தான்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே பஸ் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. சின்னுசாமியின் தோட்டத்து ஓரத்துப் புளியமரம்தான் நிறுத்தம். கண்டக்டர் செங்கோடன் படியில் ஒற்றைக்காலில் தொங்கியபடி "ஓல்டான்!" என்று ஒரு குரல் கொடுப்பான். அவ்வளவுதான். ஐம்பது யானை பலத்தோடு புழுதி கிளப்பி வருகிற இரும்பு மிருகம் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றுவிடும். பறக்கிற காக்கைகூட ஒரு கணம் நடுவானத்தில் தயங்கும் என்று சின்னுசாமி சத்தியம் செய்வான்.

அவன் மாடுகளோ யார் சொன்னாலும் நிற்காத சாதி. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைப்பவனுக்கு மாடு நிற்பதுதான் பிரதானம். வடத்தை இழுத்துக்கொண்டு மாடுகள் சரிவான வாரியில் இறங்கும்போது, கிணற்றுக்குள்ளிருந்து சால் என்கிற பெரிய வாளி தண்ணீரோடு ஏறி வரும். மாடுகள் வாரியின் அடியில் போய் நின்றால், மேலே சால் தொட்டியில் கவிழும். பிறகு மாடுகள் பின்பக்கமாகவே மேலேற வேண்டும். "ஓ... ஓ..." என்று தொண்டை கிழியக் கத்தினாலும் மயிலையும் காரியும் அடியில் நிற்காமல் அடுத்த ஊருக்குப் போகப் பார்க்கும்.

ஆகவே சின்னுசாமி வாரியின் அடியில் "ஓல்டான்" என்றான். ஆளுக்கு ஒரு கைப்பிடி பருத்திக்கொட்டை கொடுத்தான். ஒரே மாதத்தில் மாடுகள் அந்தச் சொல்லைக் கேட்டால் கல்தூண் ஆகிவிட்டன.

இதைக் கேட்டு மிகவும் மனம் குளிர்ந்துபோனவர் தபாலய்யா. வெங்கடாசலம் என்ற அவருடைய சொந்தப் பெயர், தபாலாபீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்றே அவரை விட்டு ஓடிவிட்டது. எங்கேயும் போகாவிட்டாலும் தினம் புளியமரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பார். ஒருநாள் தலையணை கனத்துக்கு ஓர் அகராதியைச் சுமந்துகொண்டு வாரிக்கே வந்துவிட்டார்.

"சின்னுசாமி, நீ புடிச்சது சாதாரணச் சொல்லில்லப்பா. அது 'ஹோல்டு ஆன்'. அதுல 'ஆன்'ங்கிறது வால். 'ஹோல்டு'தான் மாடு. கொழந்தையக் கையில வச்சிருந்தா ஹோல்டு. கொடத்துல நாலு படி கொள்ளும்னா ஹோல்டு. கூட்டம் நடத்துனா ஹோல்டு. மூச்சை அடக்குனா ஹோல்டு. பூமி வச்சிருந்தா ஹோல்டு. ஒருத்தன் தான் சொன்னதையே புடிச்சுக்கிட்டு நின்னாலும் ஹோல்டு!"

கூழ் கொண்டுவந்த சென்னியம்மாள் குண்டாவைக் கீழே வைத்தாள். "அப்ப இவிங்களுக்குன்னே பண்ணுன சொல்லுங்க அது" என்று புருசனைக் காட்டினாள்.

"இரு சாமி, இன்னும் இருக்குது" என்று தபாலய்யா பக்கத்தைப் புரட்டினார். "இதெல்லாம் பின்னால வந்த அர்த்தம். ஆதியில, வெள்ளைக்காரனோட முப்பாட்டன் காலத்துல, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு நெனைக்கிறே? மாட்டைக் காவல் காக்கிறது! மேய்ச்சல்ல வுட்டுப் பாத்துக்கிறது!"

"அய்யோ! அவனும் மாடு மேச்சவந்தானுங்களா?" சென்னியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பின்ன எதுக்குங்க அத்தனை தொப்பி?"

"வெயிலுக்கு" என்றார் தபாலய்யா.

சின்னுசாமி மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு நெஞ்சு விம்மிவிட்டது. மாட்டுக்குப் பிறந்த சொல் கடல்தாண்டி, பஸ் ஏறி, மறுபடி மாட்டிடமே வந்திருக்கிறது. இனி இந்தச் சொல்லை யார் சொன்னாலும் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினான்.

தை பிறந்ததும் வினை வந்தது.

கிணற்றில் சரிபாதி பங்கு அவனுடைய மச்சான் பச்சமுத்துவுக்கு. சென்னியம்மாளின் அண்ணன், பக்கத்துத் தோட்டக்காரன். ஒருவர் காலையில் இறைத்தால் மற்றவர் மாலையில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தை பிறந்தாலும் ஆடி பிறந்தாலும் முறை மாறும். அதுவரை சின்னுசாமிக்கு மாலை. மாலையில் பஸ் கிடையாது. இப்போது காலை வந்தது. காலையில்தான் எல்லாப் பஸ்ஸும்.

முதல் நாள் சால் பாதிக் கிணறு ஏறியிருந்தது. சாலையில் செங்கோடன் "ஓல்டான்!" என்றான். பஸ் நின்றது. மயிலையும் காரியும் வாரி நடுவில் நின்றன. சால் அந்தரத்தில் தொங்கியது.

"ஹை! ஹை!" என்றான் சின்னுசாமி.

மாடுகள் திரும்பி, பந்தியில் இலை போட்டுவிட்டுச் சோறு போடாதவனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தன. பருத்திக்கொட்டை வந்த பிறகுதான் கால் நகர்ந்தது. செங்கோடனோ ஒரு நிறுத்தத்துக்கு ஒருமுறை கூவி விடுகிற ஆளா? கூடை ஏற்ற ஒன்று, கோழி இறங்க ஒன்று, கிழவியின் செருப்பு கழன்றால் ஒன்று. பத்தே நாளில் மாடுகள் திண்டு மாதிரி கொழுத்தன. மிளகாய்ச் செடிகள் தலை தொங்கின. பூ எடுக்கிற பருவம். இன்னும் எட்டு நாள் இப்படியே போனால் பூ உதிர்ந்துவிடும், அந்த வருஷத்து வெள்ளாமை போச்சு.

மாட்டுக் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தான். காரி தலையை ஒரு உதறு உதறியதில் பஞ்சு பனமரத்துப்பட்டி ஏரியில் போய் விழுந்திருக்கும். கடைசியில் மச்சானிடம் போய் நின்றான்.

"மச்சான், இந்த ஒரு மாசம் மட்டும் முறைய மாத்திக்கலாமுங்களா?"

பச்சமுத்து வெங்காயப் பாத்தியிலிருந்து நிமிரவேயில்லை. "இங்கிலீசு மாட்டுக்கு எங்கூர்த் தண்ணி எதுக்கு மாப்ளே? சீமையிலருந்து வரவழச்சுக்குங்க."

அடுத்து செங்கோடன். "நீ வேற ஏதாச்சும் சொல்லிக் கூவேன், தம்பி."

"நிறுத்துன்னு கூவிப் பாத்துட்டனுங்ணா" என்றான் செங்கோடன். "யாரோ ஊட்டுச் சண்டைன்னு டிரைவர் வண்டிய வுட்டுட்டே போயிட்டாருங்க. எறங்க வேண்டிய பாவாயியக்கா ரெண்டு மைல் திரும்பி நடந்துச்சு. அது என்னை வஞ்ச வசவு உங்களுக்குக் கேக்கலீங்களா? அதுமில்லாம, எஞ் சத்தத்துக்கு உங்க மாடு நிக்குதுன்னா நம்பற மாதிரியாங்ணா இருக்குது!"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அதிலிருந்து நாலாம் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. நாமக்கல்லிலிருந்து வந்த பஸ், மூக்கிலும் வாயிலும் ஆவி விட்டுக்கொண்டு புளியமரத்தடியில் வந்து நின்றது. ரேடியேட்டர் கொதிக்கிற கொதியில் அதன்மேல் சோறே வடிக்கலாம். செங்கோடன் தகரத்தை எடுத்துக்கொண்டு கவலைத் தொட்டிக்கு ஓடினான். தொட்டி காய்ந்து கிடந்தது. கிணற்றில் எட்டிப் பார்த்தான். சால் நிறையத் தண்ணீர், பாதி வழியில் தொங்கியது.

"ஏனுங்ணா, இழுக்கறதுங்களா?"

சின்னுசாமி மாடுகளிடம் ஒரு கைப்பிடி பருத்திக்கொட்டை நீட்டினான். மாடுகள் நகர்ந்தன. சால் ஏறியது. அதற்குள் பஸ்ஸிலிருந்து ஒருவர் மூட்டையை இறக்க, செங்கோடன் பழக்கதோசத்தில் திரும்பி, "ஓல்டான்! ஓல்டான்!" என்று கத்திவிட்டான்.

மாடுகள் நின்றன. சால் நின்றது. தகரம் காலியாகவே இருந்தது.

செங்கோடன் மாட்டைப் பார்த்தான், சாலைப் பார்த்தான், தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சன்னல் வழியே கழுத்தை நீட்டினார்கள். புளியமரத்தடியில் தபாலய்யா சிரித்த சிரிப்பில் பழம் உதிர்ந்தது.

"எத்தன நாளா இப்படிங்ணா?" செங்கோடன் குரல் இறங்கியிருந்தது.

"தை பொறந்ததுலருந்து" என்றான் சின்னுசாமி. பெருமையெல்லாம் அவனிடமிருந்து வடிந்திருந்தது. "எம் மொளகா காயுதப்பா. உங்கூட மல்லுக்கட்ட வரல. நீ கூவிக்க. ஆனா எம் மாடு அடிவாரியில நிக்கறப்பப் பாத்துக் கூவு. அவ்வளவுதான் கேக்கறேன்."

செங்கோடன் கொஞ்சம் யோசித்தான். ஆவி விடுகிற பஸ்ஸைப் பார்த்தான். "டிரைவரண்ணங்கிட்டச் சொல்லி, தோட்டத்துக்கிட்ட வாரப்ப மெதுவா உருட்டச் சொல்றனுங்க."

மறுநாளிலிருந்து புளியமரம் நிறுத்தமாக இல்லை. பஸ் நடைபோட்டு வரும். செங்கோடன் படியில் தொங்கிக்கொண்டு சாலையைப் பார்க்காமல் வாரியைப் பார்ப்பான். மாடுகள் அடியைத் தொட்டதும் கூவுவான். அது ஒருநாள் மரத்துக்கு முன்னால் இருக்கும், ஒருநாள் பர்லாங்கு தாண்டி இருக்கும். மூட்டை ஏற்றினால் அடுத்த சால் கவிழும்வரை வாயே திறக்க மாட்டான். ஏறுகிற சனம் பஸ்ஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு மயிலையைப் பார்த்து நிற்கப் பழகிக்கொண்டது.

மாசியில் ஒரு காலை, பச்சமுத்து இரண்டு மூட்டை வெங்காயத்தோடு மரத்தடியில் நின்றான். பஸ் அவனைத் தாண்டி மெதுவாக உருண்டு போனது. மாடுகள் அப்போதுதான் வாரியின் தலையில் இருந்தன.

"மாப்ளே! மாட்ட வெரசா எறக்குங்க! பஸ்ஸு போயிக்கிட்டே இருக்குது!"

சின்னுசாமி வடத்தின்மேல் உட்கார்ந்தபடியே, "வெரசா எறக்குனா தண்ணி தளும்பும் மச்சான். கொஞ்சம் ஓடுங்க" என்றான்.

பச்சமுத்து தலையில் ஒரு மூட்டையும் இடுப்பில் ஒரு மூட்டையுமாக ஓடினான். மாடுகள் தம் நடையில் அடிவாரிக்கு வந்து சேர்ந்தன. தூரத்தில் செங்கோடன் கூவினான். பஸ் நின்றது, மாடுகள் நின்றன, சால் கவிழ்ந்தது. சின்னுசாமி எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் கடைசிப் பாத்தியில் நுழைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். நுழைந்தது.