நின்ற காரில் மோதாமல் இருப்பது எப்படி?

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரின் நாற்காலியில் கிடைத்தது. வாய்க்குள் இரண்டு கருவியும் ஒரு பஞ்சும் இருந்த நேரம். ஆகவே வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று.

டாக்டர்தான் எங்கள் பகுதி ஓட்டக் குழுவுக்குச் செயலாளர். (ஓட்டக் குழு என்றால், விடிந்தும் விடியாததுமாக ஐம்பது பேர் ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு, யாரும் துரத்தாமலே ஓடுவது.)

"சார், ஆண்டு மலருக்கு நீங்கதான் ஒரு கட்டுரை தரணும். ஓடுறவங்க நடுவுல சைக்கிள் ஓட்டினா என்ன நன்மை, டிராபிக்ல எப்படிப் பத்திரமா போறது, அதான் விஷயம். கொஞ்சம் சிரிப்பா இருக்கட்டும். தலைப்புகூட யோசிச்சுட்டேன். 'நின்ற காரில் மோதாமல் இருப்பது எப்படி?' நல்லா இருக்குல்ல?"

"ஆ," என்றேன்.

"சரின்னுட்டீங்க. உங்க மச்சினி சம்பவத்தையே உதாரணமா வெச்சுக்குங்க. பேர் போட வேண்டாம். எல்லாருக்கும்தான் தெரியுமே."

தெரியும்தான். என் மனைவியின் தங்கை கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஐந்து வாரத்துக்கு முன் ஒரு காலை, சைக்கிளில் வந்தவள் ஓரமாக நின்ற காரில் மோதி விழுந்து, தோள் எலும்பை உடைத்துக்கொண்டாள். இது ஊரறிந்த செய்தி. கார் என்னுடையது என்பதும் ஊரறிந்ததே. ஊர் அறியாதது ஒன்று உண்டு. அதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

(நான்காம் பகுதியில். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?)

2

நான் எழுத்தாளன். சிரிக்காதீர்கள். குக்கரோ மிக்சியோ வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சிறு புத்தகம் இருக்குமே, பிரிக்காமலே பரணில் போடுவீர்களே, அதை எழுதுகிறவன். இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன். இதுவரை ஒரு வாசகர் கடிதம் வந்திருக்கிறது. அதுவும் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று.

தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'எச்சரிக்கை' என்று தடித்த எழுத்தில் போடுகிறோமே, அது உங்கள் விரலைக் காப்பாற்ற என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாவம். விரல் போன பிறகு கம்பெனியைக் காப்பாற்றத்தான் அது. "நாங்கதான் சொன்னோமே, பக்கம் ஒன்பதுல?" என்று கேட்பதற்கு ஒரு பக்கம் ஒன்பது வேண்டும். நான் அந்தப் பக்கம் ஒன்பதை எழுதிப் பிழைக்கிறவன்.

கட்டுரைக்கு மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

தொடக்கம் ஒன்று: "ஓடுபவர்களுக்குச் சைக்கிள் நல்ல துணை. இதயத்துக்கு வேலை, முழங்காலுக்கு ஓய்வு. வாரத்தில் இரண்டு நாள் ஓட்டத்துக்குப் பதிலாக..." (இரண்டாவது வரியிலேயே எனக்குக் கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: "பனி மூடிய அதிகாலை. அவள் பெடலை மிதித்தாள். விதி சிரித்தது." (விதி சிரிக்கவில்லை. பனியும் இல்லை. மணி ஆறே முக்கால், பளிச்சென்ற வெளிச்சம். அந்த வெளிச்சம்தான் இந்தக் கதையில் தொல்லையே.)

தொடக்கம் மூன்று: "எச்சரிக்கை! ஹெல்மெட் அணியவும். கண்ணில் அடிக்கிற நிறத்தில் உடை அணியவும். முன்னும் பின்னும் விளக்கு எரியட்டும். காதில் பாட்டு வேண்டாம். நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவின் அகலம் தள்ளி ஓட்டவும்."

மூன்றாவதைப் படித்த டாக்டர் பிரமாதம் என்றார். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க செய்ற ஒரே உடற்பயிற்சி பக்கத்தைப் புரட்டுறது. நீங்க ஓடுறவங்களுக்குப் புத்தி சொல்லப்போறீங்களா?" என்றாள். பிறகு, "இதுல எல்லாத்தையும்தான் அவ செஞ்சாளே. அப்புறம் ஏன் விழுந்தா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

3

இப்போது கதாபாத்திரம். எனக்கு அவள் மேல் சந்தேகம். இவ்வளவு ஜாக்கிரதையான ஆளைக் கதையில் வைத்தால் யார் நம்புவார்கள்?

அவளுக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருந்த நேரம். "ஓட்டத்தைப் பாதியாக் குறைங்க, மீதிக்குச் சைக்கிள் மிதிங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட். வேறு யாராவது என்றால் மறுநாளே ஏறி மிதித்திருப்பார்கள். இவள் சீட்டின் உயரத்தைக் கண்ணாடிக் கடை ஸ்கேலால் மில்லிமீட்டர் கணக்கில் அளந்தாள். ஓடுகிறவர்கள் சைக்கிளில் ஏறியதும் வீரம் காட்டக் கனமான கியரில் முக்கி முக்கி மிதித்து முழங்காலைக் கெடுத்துக்கொள்வார்களாம். இவள் லேசான கியரில், நிமிஷத்துக்கு எண்பது சுற்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே மிதித்தாள். ஓடும்போது எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடலாம், சைக்கிளில் வண்டிகளோடு சேர்ந்துதான் போகவேண்டும் என்று எனக்கே ஒருமுறை வகுப்பு எடுத்தாள். ஹெல்மெட் பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா என்று தினமும் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவள் நின்ற காரில் மோதினாள் என்றதும் ஊருக்கு ஒரே கொண்டாட்டம். 'கண்ணாடிக் கடைக்காரிக்கே கண்ணு தெரியலையாம்' என்பது ஓட்டக் குழுவில் இந்த மாதத்தின் நகைச்சுவை. பல் டாக்டர் அதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் சிரித்தேன்.

அவளுக்கு விழுந்த நேரம் ஞாபகம் இல்லை. ஹெல்மெட் பிளந்தது, தலை பிழைத்தது. ஆனால் விழுவதற்கு முன்னும் பின்னும் சில நிமிஷங்கள் அழிந்துபோய்விட்டன. அதனால் ஊர் சொன்னதை அவளும் நம்புகிறாள்.

"மூணு தடவை என் கண்ணை நானே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன் மாமா," என்றாள் போன வாரம். "கடைசி வரி வரைக்கும் படிக்க முடியுது. அப்புறம் எப்படி ஒரு முழுக் காரு கண்ணுல படல? அதுவும் சிவப்புக் காரு!"

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்பல்லாம் யாருக்குக் கண்ணு பாத்தாலும், பக்கத்து சீட்டு அக்காவை இன்னொரு தடவை பாக்கச் சொல்றேன். முதலாளி கவனிச்சுட்டாரு. என்னம்மா, வேலையே மறந்துபோச்சான்னு கேக்குறாரு." பிறகு, "ஓட்டத்துக்குக் குடுத்த பேரை எடுத்துட்டேன். அடுத்த வார ஞாயித்துக்கிழமை சைக்கிளை விலைக்கு வாங்கிட்டுப் போக ஆள் வருது," என்றாள்.

கட்டுரை எழுதுகிறேன் என்று அப்போதுதான் சொல்லித் தொலைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு.

"நான் எங்க தப்புப் பண்ணேன்னு மட்டும் தெளிவா எழுதுங்க மாமா. படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்."

4

இதுவரை படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். என் கதையில் கார் இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, கண் இருக்கிறது. கார்க் கதவு மட்டும் வரவே இல்லை.

அன்று எனக்குப் பல்வலி. மாத்திரை வாங்க மருந்துக் கடை எதிரே காரை நிறுத்தினேன். நிறுத்தியதும் ஒரு வாக்கியம் வந்தது. பத்து நாளாக வராமல் இழுத்தடித்த வாக்கியம். வந்த சூட்டோடு குறித்துக்கொள்ள நோட்டை எடுத்தேன். இடது கை எழுதிக்கொண்டிருந்தது; நான் இடக்கைக்காரன். கடை ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டதும், கதவுப் பக்கம் சும்மா இருந்த கை தானாகப் போய்க் கதவைத்...

(இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கி நான்கு முறை விட்டிருக்கிறேன். ஐந்தாவது முறை.)

கதவைத் திறந்தேன். நான்தான் திறந்தேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. சைக்கிளில் வந்த அவளுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. ஒரு கதவின் அகலம் தள்ளிப் போக அவளுக்கு அந்த ரோட்டில் இடமே இல்லை. சத்தம் கேட்டது. நோட்டு கீழே விழுந்தது.

எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் என்ன என்று கேட்கிறீர்களா? குக்கருக்கானது. 'மூடியைத் திறப்பதற்கு முன் ஆவி முழுவதும் வெளியேறிவிட்டதா என்று கவனிக்கவும்.' நல்ல வாக்கியம். அச்சாகிவிட்டது.

அதற்கப்புறம் நான் செய்ததை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இறங்கினேன். அவள் ரோட்டில் கிடந்தாள். நான் முதலில் கதவைச் சாத்தினேன். பிறகுதான் அவளைத் தூக்கப் போனேன்.

ஏன் சாத்தினேன்? பழக்கம் என்று சொல்லலாம். இருபத்திரண்டு வருஷம் பக்கம் ஒன்பது எழுதியவனின் பழக்கம் என்றும் சொல்லலாம். மருந்துக் கடைக்காரர் ஓடி வந்தபோது அவர் கண்ட காட்சி: மூடிய கார், விழுந்த பெண், பதறும் நான். "நின்ன கார்லயா வந்து மோதுச்சு?" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்து, நின்ற என் காரில் மோதியதாகப் பிறர் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "காருக்கு ஒண்ணும் ஆகலையே மாமா?"

"அதெல்லாம் விடும்மா," என்றேன். என் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டு, "நல்ல வேளை, நீங்க அங்க இருந்தீங்க மாப்பிள்ளை" என்றார். பெரிய மனசு என்று பேர் வாங்கினேன். அந்தப் பேரைக் காப்பாற்றத்தான் இப்போது தினமும் அவளைக் கடையில் கொண்டுபோய் விடுகிறேன். வெட்கக்கேடு.*

* காருக்கு ஆனது இதுதான்: கதவின் உள்விளிம்பில் ஒரு நசுங்கல், நசுங்கலில் சைக்கிளின் பச்சைப் பெயின்ட். கதவு மூடியிருந்தால் எந்த சைக்கிளாலும் அந்த இடத்தைத் தொட முடியாது. ஐந்து வாரமாக யாரும் பார்க்கவில்லை. தினமும் அதைத் திறக்கிறவன் நான் ஒருவன்தான்.

5

முடிவுகள்.

முடிவு ஒன்று, டாக்டருக்குப் பிடித்தது: அவள் பாடம் கற்றுக்கொள்கிறாள். நாமும் கற்றுக்கொள்கிறோம். வாழ்க ஓட்டக் குழு. (இதை எழுத எனக்குப் பத்து நிமிஷம் போதும். எழுதியும் வைத்திருக்கிறேன். கேட்டால் உடனே கிடைக்கும்.)

முடிவு இரண்டு, சினிமாக்காரர்களுக்கு: தோள் கட்டோடு அவள் இருபத்தோரு கிலோமீட்டரும் ஓடுகிறாள், நான் கோட்டருகே நின்று அழுகிறேன், அவள் மன்னிக்கிறாள். (அவள் ஓடி, அவளே மன்னித்து... எல்லா வேலையும் அவளுக்கே. எனக்கு அழுகை மட்டும். நல்ல ஏற்பாடு.)

முடிவு மூன்று: என்றோ ஒரு நாள் தற்செயலாக அவளே அந்த நசுங்கலைப் பார்த்துவிடுகிறாள். (கோழையின் முடிவு. ஐந்து வாரமாக இதற்குத்தான் காத்திருக்கிறேன்.)

இன்னொன்றும் உண்டு. கார் ஓட்டுகிறவர்களுக்கு யாரும் எழுதித் தராத ஓர் எளிய பழக்கம். கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற கையால் கதவைத் திறக்காதீர்கள். தூரத்தில் இருக்கிற கையை நீட்டித் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தே ஆகவேண்டும். ஒரு ரூபாய் செலவில்லை. இதைப் பிசியோதெரபிஸ்ட் அவளுக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? கதவு அவள் கையில் இல்லையே.

6

இந்தப் பகுதியை ஸ்டியரிங் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோப்பவர் மன்னிக்கவும். காலை ஒன்பதே கால். கண்ணாடிக் கடை எதிரே நிற்கிறோம். ஷட்டர் இன்னும் பாதிதான் ஏறியிருக்கிறது. அவள் பின்சீட்டில் இருக்கிறாள். அடிபட்டதிலிருந்து முன்சீட்டில் உட்காரப் பயம். நாளை ஞாயிற்றுக்கிழமை.

வரும் வழியில், "எழுதியாச்சா மாமா?" என்றாள். முதல் முடிவு சட்டைப் பையில் மடித்துத் தயாராக இருந்தது. நான் கொடுத்தது ஒன்றிலிருந்து ஐந்து வரை, மேலே நீங்கள் படித்த அதே தாள்கள்.

பல் டாக்டர் இடத்தில் சிரித்தாள். "ஆன்னு சொன்னீங்களா!" என்றாள். இரண்டாம் பகுதியில், "அக்கா பேசுறது அப்படியே இருக்கு." மூன்றாவதில் சத்தமே இல்லை. நான்காவது தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் எந்தத் தாளும் புரளவில்லை.

ரோட்டில் வண்டிகள் போகின்றன. கடைப்பையன் ஷட்டரை முழுதாக ஏற்றிவிட்டு, இவள் ஏன் இறங்கவில்லை என்று பார்க்கிறான்.

"மாமா."

"ம்."

"இது கதைதானே?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எழுதுகிறவனுக்கு இதைவிட அகலமான தப்பும் வழி கிடையாது. 'கதைதாம்மா, சுவாரசியத்துக்காகக் கொஞ்சம் கூட்டி எழுதினேன்.' நாக்கு நுனியில் நிற்கிறது. சொன்னால் நம்புவாள். ஐந்து வாரமாக என்னைத்தானே நம்புகிறாள், தன் கண்ணைக்கூட நம்பாமல்.

வாயால் பதில் சொன்னால் நான் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவேன். எனக்கு அது தொழில். அதனால் கதவைத் திறந்து காட்டப்போகிறேன். உள்விளிம்பு அவள் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து நன்றாகத் தெரியும். கடைசி வரி வரைக்கும் படிக்கிற கண் அது.

தூரத்துக் கையால்தான் திறக்கவேண்டும். உடம்பு திரும்பும். திரும்பினால், ரோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் முகம்தான் கண்ணில் படும். அதன் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் இதை மலரில் போடுவாரா, நாளைக்கு அந்தச் சைக்கிள் யார் வீட்டில் நிற்கும், என் வீட்டில் எனக்குச் சோறு உண்டா, எதுவும் தெரியாது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னால் முடியாது.

ஏனென்றால் என் தூரத்துக் கை, நான் எழுதுகிற கை. அன்றைக்கும் அதில் இந்தப் பேனாதான் இருந்தது. பேனாவைக் கீழே வைக்கிறே