லேத்துக்குப் பதில் தேவசேனா

தொழிற்கல்வி வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க நிகழ்வு ஒன்று இனிதே நடந்தேறியது என்று சகலருக்கும் இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது. எங்கள் ஊர் ஐ.டி.ஐ.யும் பம்பு செட் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. கம்பெனி தன் கடைசல் எந்திரமான லேத்து ஒன்றைப் படிக்க அனுப்பும். பதிலுக்கு ஐ.டி.ஐ. ஒரு மாணவியைக் கம்பெனிக்குத் தரும்.

லேத்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தது. பெஞ்சு உடைந்தது. மற்றபடி ஒழுக்கமான பிள்ளை.

லேத்து இருந்த இடத்தில் டர்னர் பிரிவு தேவசேனாவை நிறுத்தினார்கள். காலைச் சுற்றி நான்கு போல்ட்டு அடித்து, சிமெண்டு ஊற்றி, தலையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். குமிழி நடுவில் நின்றது. முதலாளி வெங்கிடுபதி கைதட்டினார்.

தேவசேனாவுக்கு இடம் பிடித்துப்போயிற்று. தலைக்கு மேலே ஃபேன் ஓடியது. காலையில் முழங்கைக்கு எண்ணெய் விட்டார்கள். பித்தளைத் துண்டைக் கையில் கொடுத்தால் அவள் சுற்றுவாள். பம்புக்குப் போடும் புஷ் வளையமாகி விழும். பஸ்ஸில் தொங்க வேண்டியதில்லை. கல்யாணப் பேச்சை எடுக்கவும் ஆளில்லை.

ஆயுத பூஜைக்கு அம்மா மயிலாத்தாள் வந்து, மகள் நெற்றியில் சந்தனம் அப்பி, சாமந்தி மாலை போட்டாள்.

"ஏங்கண்ணு, போல்ட்டு இறுக்குதா?"

"இல்லீங்மா. சௌகரியமா இருக்குது."

"பக்கத்து ஊட்டுப் பையன வேற கம்பெனியில ஒரே வருசத்துல கழட்டி உட்டுட்டாங்களாமா. உன்னையும் கழட்டிருவாங்களோ?"

அன்றிலிருந்து தேவசேனாவுக்கு அந்த ஒரு கவலைதான்.

அடுத்த வாரம் ஐ.டி.ஐ. முதல்வர் ஆறுக்குட்டி வந்தார். "வரலாற்றுச் சிறப்புமிக்க" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். கம்பெனி நடைபாதை ஒரு முழம் நீண்டது. "தொலைநோக்குப் பார்வையோடு கூடிய" என்றார். இன்னும் நீண்டது. மத்தியானம் தாகம் எடுத்து வாயை மூடினார். நடைபாதை சுருங்கி அவரைத் தேவசேனா முன்னால் கொண்டுவந்து விட்டது.

"லேத்து உருப்படாது போலிருக்கும்மா."

"ஃபெயிலாயிருச்சுங்களா?"

"பரீட்சையெல்லாம் பிரமாதம். இன்டர்வியூவுலதான் வாயே தொறக்க மாட்டேங்குது. உன்னைப் பத்திச் சொல்லுன்னா அழுவுது."

"அழுகையில்லீங் சார். அது சூடு தணிக்கற கூலண்டு."

"எதா இருந்தா என்ன? அது தேறலைன்னா ஒப்பந்தம் ரத்து. அது இங்க வந்துரும், நீ அங்க வந்துருவ."

தேவசேனாவின் போல்ட்டுகள் நடுங்கின.

"பெல்ட்டு இறுக்கமா இருக்குமுங்க. லேசாத் தளர்த்திட்டுக் கேளுங்க."

அடுத்த இன்டர்வியூவில் தளர்த்தினார்கள். லேத்து ஒரே மூச்சில் பேசியது. கடின உழைப்பில் நம்பிக்கை உண்டு என்றது. குழுவாக வேலை செய்யப் பிடிக்கும் என்றது. தன் ஒரே பலவீனம் அளவுக்கு மீறி உழைப்பதுதான் என்றது. கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். வெங்கிடுபதி அங்கேயே வேலை உத்தரவு கொடுத்தார். லேத்து ஓட்ட ஆள் கிடைக்காமல் அவர் வெகுநாளாக அலைந்துகொண்டிருந்தார்.

'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று ஃபிளெக்ஸ் வைத்தார்கள். லேத்து நீல யூனிஃபார்ம் போட்டு, டிபன் பாக்ஸோடு வந்து தேவசேனா முன்னால் நின்றது.

"வாங்க. உக்கார எடமில்லீங்க," என்றாள்.

"இருக்கட்டுங்க. நானும் இங்க நின்னு பழகுனவன்தான்."

"என்னையக் கழட்டிருவாங்களா?"

"நான் இருக்கற வரைக்கும் விடமாட்டனுங்க. உங்கள விட்டா நான் எதை ஓட்டறது?"

தேவசேனாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. சிமெண்டுக்குள் கால்விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டாள்.

ஆறுக்குட்டி பேசினார். நடைபாதை ஊர் எல்லையைத் தாண்டிப் போனது. வெங்கிடுபதி பொன்னாடை போர்த்தினார். மேளம் முழங்க, லேத்து தேவசேனாவின் தோளில் புதிதாகப் பொருத்தியிருந்த பச்சைப் பொத்தானை அழுத்தியது.

மாதாந்திரப் பராமரிப்புக்காக அன்று சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது.